பத்து வட்டங்கள்

குன்சான்
20 செப்டம்பர் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ ராணுவத்துக்குப் போன மறுவாரமே உன் கிட்டாரை எடுத்துக்கொண்டு உன் மேங் டீச்சரிடமே கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டேன். கோபம் வந்தால் எழுத்தில் கோபப்படு, படிக்க வசதியாக இருக்கும்.

அந்த மாடி இசைப் பள்ளியில் எதுவும் மாறவில்லை. கீழே கோழி வறுக்கும் கடை. மேலே பியானோ, மேளம், மூங்கில் குழல் எல்லாவற்றிலும் எண்ணெய் வாசனை. நான்கு அறைக்கும் டீச்சர் ஒருவரே ஓடுகிறார். என்னை முதலில் குழலில் உட்கார வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. "நல்லாத்தான் ஊதுறே, சூப்பு சீக்கிரம் ஆறிடும்," என்று சொல்லிவிட்டு கிட்டாருக்கு மாற்றிவிட்டார். ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் எஃப் கார்டைப் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கிறது.

நோட்டில் பத்து வட்டம் போட்டுத் தருகிறார். ஒரு முறை வாசித்தால் ஒரு வட்டத்தில் ஒரு கோடு. பத்தும் முடிந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். நேற்று நான்கு முறை வாசித்துவிட்டுப் பத்துக் கோடும் போட்டுவிட்டேன். இதையும் மறைக்கவில்லை.

டிசம்பர் 6 மாணவர் கச்சேரி. ராணுவத்தில் நூறு நாள் முடிந்ததும் தரும் உன் முதல் விடுப்பு அதற்குள் வந்துவிடும் என்று அம்மா நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தாள். வருவாய்தானே? டீச்சர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் உன் ஸ்டூலில் யாரையும் உட்கார விடுவதில்லை.

அன்புத் தங்கை,
நாரே

*

இன்ஜே ராணுவ முகாம்
5 அக்டோபர் 1997

குட்டிப் பேராசிரியைக்கு,

நான் நலம். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் போனால் சாக்லேட் கேக் தருகிறார்கள். அதனால் இப்போது நான் முகாமில் உள்ள மூன்று மதத்துக்கும் தீவிர பக்தன்.

கிட்டாரை வைத்துக்கொள். கோட்டை மட்டும் பொய்யாகப் போடாதே. நான் ஆறு வருடம் அப்படித்தான் போட்டேன். அம்மா அந்த நோட்டைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டினாள். ஜனவரியில் இசைக் கல்லூரித் தேர்வில், நடுவர்கள் முன்னால், பன்னிரண்டாவது வரியில் என் விரல்கள் நின்றுவிட்டன. மறுபடி நகரவே இல்லை.

திரும்பி வந்து டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "தெரியும்டா," என்றார். தெரியுமாம்! தெரிந்துகொண்டே தினமும் 'மிக நன்று' என்று சிவப்பு முத்திரை குத்தியிருக்கிறார். பொய் என்னுடையதுதான், மறுக்கவில்லை. முத்திரை அவருடையது. கச்சேரிக்கு வரமாட்டேன். விடுப்பில் சாப்பிடுவேன், தூங்குவேன். இதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதே.

அண்ணன்,
கிசோங்

*

குன்சான்
8 நவம்பர் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேட்டுவிட்டேன்.

டீச்சர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "அண்ணன் போட்டது பொய்க் கோடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், டீச்சர்?" என்றேன். அலமாரியிலிருந்து உன் பழைய நோட்டை எடுத்தார்.

"வாசிச்சு வாசிச்சுப் போட்டா ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு பக்கமா சாயும்மா. நடுவுல கை வலிக்கும், பென்சில் உருண்டு போயிரும், தேடி எடுத்துப் போடுவோம். உங்கண்ணன் கோட்டைப் பாரு. பிரேயர்ல நிக்கிற பிள்ளைங்க மாதிரி. ஒரே மூச்சுல போட்டது."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ என்ன போலீஸா?"

நான் எழுந்து போகவில்லை. ஒரு சுளையைக்கூட வாயில் போடாமல் முழுப் பழத்தையும் பிரித்து வைத்த பிறகுதான் பேசினார். "சொன்னா மறுநாள்லேருந்து வரமாட்டானோன்னு பயம். அவன் இருந்தாத்தான் இந்த மாடியில சிரிப்புச் சத்தம் கேக்கும். நான் வாய மூடிக்கிட்டு இருந்தது எனக்காக. அவனுக்காக இல்ல."

பிறகு என் நோட்டைப் பிரித்தார். முத்திரையை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார். "உன் கோடும்தான் வரிசையா நிக்குது, கழுதை. நாலு தடவைதான் என் காதுல விழுந்துச்சு. போ, இன்னும் ஆறு பாக்கி." ஆறு முறையும் வாசித்தேன். கொஞ்சம் அழுதேன். அதுவும் நடந்ததுதான்.

நாரே

*

குன்சான்
24 நவம்பர் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் போடாமல் இருப்பது நியாயமா? அம்மா தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பனியில துப்பாக்கி பிடிக்குற கைக்குப் பேனா பிடிக்க வராதாக்கும்," என்கிறாள்.

நேற்று எங்கள் வீட்டில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். அறுபது முட்டைக்கோஸ். யாரும் கூப்பிடாமலே டீச்சர் ரப்பர் கையுறையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது ஓர் உறையை நீட்டினார். "அவனுக்கு எழுதலாம்னு பாத்தேன். வரவே மாட்டேங்குது. இத மட்டும் அனுப்பு."

இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடாம். உள்ளே ஒரே தாள்: பத்து வட்டத்தில் ஏழு கோடு. நான் அளவுகோல் வைத்தே பார்த்துவிட்டேன், ஒன்று சாய்ந்த மாதிரி இன்னொன்று சாயவில்லை. ஐந்தாவதில் மிளகாய் விழுதுக் கறை.

கச்சேரியில் நான் வாசிக்கப்போவது இரண்டு கிட்டாருக்கான பாட்டு. இரண்டாவதை டீச்சர் இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

நாரே

*

நகர மன்றம், மேடைக்குப் பின்னால்
6 டிசம்பர் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நீ இரண்டு நாளாக வீட்டில்தான் இருக்கிறாய். ஆனால் நேரில் பேச்செடுத்தால், "பேராசிரியை, தூங்க விடு," என்று போர்வையை இழுத்துக்கொள்கிறாய். வேறு வழியில்லை.

இன்று காலை அம்மா உன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து டீச்சர் அனுப்பிய அந்தத் தாள் விழுந்தது. நான் படிக்கவில்லை, எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். பத்துக் கோடு. கடைசி மூன்றும் ராணுவப் பென்சிலின் பச்சை நிறம். மூன்றும் மூன்று பக்கம் சாய்ந்திருந்தன.

டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் மேடையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அந்தக் கோழி எண்ணெய் பிடித்த ஸ்டூலை, பேருந்தில், மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டாவது கிட்டாரைச் சுருதி சேர்த்து அதன்மேல் சாய்த்து வைத்தார்.

திரை இடுக்கில் பார்த்தேன். அம்மா மூன்றாவது வரிசை. பக்கத்து இருக்கை காலி.

இப்போது அரங்கத்தின் பின்கதவு திறந்து மூடுகிறது. பூட்ஸ் சத்தம். மூன்றாவது வரிசையில் அது நிற்கவில்லை. டீச்சர் என் தோளை இறுகப் பிடித்திருக்கிறார், அதனால்தான் எழுத்து கோணுகிறது. சத்தம் மேடைப் படியில் ஏறுகிறது. முகத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.