எண்ணுக்குப் பின்னால் இருந்த பெயர்

தம்பி,

கம்ப்யூட்டர் திரையின் மேல் மூலையில், வைஃபை குறிமேல் ஒரு குட்டிக் கேள்விக்குறி வந்து உட்கார்ந்துவிட்டது. ஞாயிறு காலை ஊருக்கு ரயில் டிக்கெட் போடலாம் என்று உட்கார்ந்தேன். இணைப்பு இருக்கிறது என்கிறது, ஒரு தளமும் திறக்க மாட்டேன் என்கிறது. பழக்கதோஷத்தில் போனை எடுத்து உன் எண்ணைத் தேடினேன். அப்புறம் வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. உன் வங்கிக் கணக்கைப் போன மாதம் நான்தான் கையெழுத்துப் போட்டு மூடினேன். அதிலிருந்து மாதாமாதம் வாடகை கட்டி நீ நடத்திய சர்வரும் அதோடு நின்றிருக்கிறது. அப்படியானால், மழைக்காலத்தில் நீ எங்களை விட்டுப் போன பிறகும், ஸ்வெட்டர் எடுத்த இந்தக் குளிர்வரைக்கும், நான் திறந்த ஒவ்வொரு தளத்துக்கும் வழி சொன்னது உன் மெஷின்தான். தெரியாமல் போயிற்றே எனக்கு.

நான் விட்டு வந்த அந்தப் பழைய வீட்டில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "வக்கீல் சைட்ல உனக்கென்ன வேலை?" என்று என் கணவர் கேட்ட வாரம் நீ வந்தாய். ஏர்போர்ட் டியூட்டி முடிந்து, கழுத்தில் பாஸ் தொங்க. நான் போகும் தளம் எங்கே இருக்கிறது என்று என் கம்ப்யூட்டர் முதலில் விசாரிக்குமாம். அதை அவருடைய ரவுட்டர் ஒட்டுக்கேட்கும் என்றாய்.

"அப்பார்ட்மெண்ட் சொசைட்டி கேட்ல நின்னு ஃப்ளாட் நம்பரைச் சத்தமா கேட்டா வாட்ச்மேனுக்குத் தெரியாதாக்கா? இனிமே நீ எங்கிட்ட மட்டும் காதோட கேளு."

நெட்வொர்க் அமைப்பில் உன் சர்வரின் எண்ணைப் போட்டாய். அதன் பின்னால், பதில் சொல்வது அதுதானா என்று சரிபார்க்க, அதன் பெயர். நான் மட்டும் உன்னைக் கூப்பிடும் பெயரையே அதற்கு வைத்திருந்தாய், போக்கிரி. 'முடிந்தால் மறைத்துக் கேள்' என்றும் ஒரு வசதி இருந்தது. அது வேண்டாம் என்றாய். அவர் தடுத்தால் பழையபடி சத்தமாகக் கேட்டுவிடுமாம். "பதில் சொல்றது சரியான ஆளுன்னு தெரியலன்னா, இது பேசாம இருந்துரும். நெட் வரலன்னா பயப்படாத." அந்த மறைவில்தான் வக்கீலைத் தேடினேன். அவருக்கு முகவரி சொல்லாமல் நானும் மகளும் குடிவந்த, துவாரகாவில் உள்ள இந்த ஃப்ளாட்டையும் தேடினேன்.

ஞாயிறன்று உன் மருமகள் கதவோரம் நின்று, "மாமா செட்டிங்கை ஆஃப் பண்ணிடும்மா, ஜல்தி. இப்ப யாரு பாக்கப் போறா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மாட்டேன் என்றேன்.

எல்லோரும் பயன்படுத்தும் வேறொரு சர்வரின் எண்ணைப் போட்டேன். உன் பெயரை மட்டும் தொடவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டுமே என்று ஒரு நப்பாசை. கேள்விக்குறி போகவில்லை. அணைத்துப் போட்டேன், மறுபடி போட்டேன். நீ சொன்னபடிதான் அது நடந்தது. உன் பெயரில் வேறொருவர் வந்து பதில் சொன்னால் ஏற்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தது. கடைசியில் உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் இப்படி அழவில்லை.

புதிய சர்வரின் பெயரைப் போட்டதும் எல்லாம் திறந்தது. மறைத்துத்தான் கேட்க வேண்டும் என்ற உன் கண்டிப்பை மட்டும் தளர்த்தவில்லை.

நேற்று ஒருவன் போன் செய்தான். கூரியராம். "எந்த சொசைட்டி மேடம், எந்த ப்ளாக்?" என்று இந்தியில் கேட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு இருமல். அந்தப் பழைய வீட்டில் அத்தனை வருஷம் அடுத்த அறையிலிருந்து கேட்ட அவர் இருமல், எனக்கா தெரியாது? ஒன்றும் பேசாமல் போனை வைத்தேன், தம்பி.

இதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.