‘அதிகம்’ ஒட்டிய பாக்கெட்டும் என் படமும்

அனுப்புநர்:
தையல்நாயகி (வயது 67),
க/பெ. காலஞ்சென்ற ஜெயவேலு,
பிள்ளையார் கோயில் தெரு,
மேடவாக்கம்.

பெறுநர்:
உயர்திரு நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புப் பிரிவு,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: மேடவாக்கம் நிறைமணி சூப்பர் மார்க்கெட்டில் தின்பண்ட பாக்கெட்டுகளின் மேல் ஒட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கரின் சொல்லை மாற்றக் கோருதல், கடை வாசலில் உள்ள என் படத்தை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மூத்த பேரன் ஹரிபிரசாத் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போன மாதம்தான் பன்னிரண்டு பேருக்குத் தலைவன் ஆனான். பேத்தி ஜீவிதா நர்சிங் மூன்றாம் ஆண்டு. இரண்டு வருடமும் வகுப்பில் முதல். கடைக்குட்டி தமிழினி நான்காவது படிக்கிறாள்; நூறு குறளை நிற்காமல் சொல்லிக் கோப்பை வாங்கி வந்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான். என்றாலும் பஜ்ஜி மடித்துத் தரும் காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவேன். வாசிக்கத் தெரியாத வீட்டிலிருந்து இந்த மனு வரவில்லை என்பதற்காகவே இதை முதலில் சொன்னேன். இந்த மனுவையும் நானே எழுதுகிறேன். ஜீவிதா திருத்தித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

2. தமிழினிக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரில் புரதம் போகிற நோய். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை, குழம்பில் பாதி உப்பு. மருமகள் சுபத்ரா வேலைக்குப் போவதால் குழந்தையின் மாலைத் தின்பண்டம் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஒரு நாளும் நான் ஏனோதானோ என்று செய்ததில்லை.

3. மேற்படி கடையில் ஜூலை மாதம் முதல் சில பாக்கெட்டுகளின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கட்டை விரல் பருமனில் ‘அதிகம்’ என்று ஒரு சொல். அதன் கீழே கடுகு கடுகாக இன்னொரு சொல்; கண்ணாடி இல்லாமல் அது எனக்குப் பிடிபடவில்லை. நான் வாங்கிய கேழ்வரகு சிப்ஸ் பாக்கெட்டில் ‘கேழ்வரகு’ என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அதை ஒட்டியே ஸ்டிக்கர். ஐயா அவர்களே வாசித்துப் பாருங்கள்: கேழ்வரகு அதிகம். சோப்பு டப்பாவில் ‘25 கிராம் அதிகம்’ என்று போட்டால் சந்தோஷமாக எடுக்கிறோம். டீத்தூளிலும் அப்படியே. அதிகம் என்ற சொல்லைப் பாக்கெட்டின் மேல் நாங்கள் பார்த்ததெல்லாம் லாபமாகத்தான் பார்த்திருக்கிறோம். ஸ்டிக்கர் இல்லாததை அலமாரியில் வைத்துவிட்டு, ஸ்டிக்கர் இருப்பதாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன்.

4. அப்படிப் பொறுக்கும்போதுதான் கடை மேலாளர் அரிகிருஷ்ணன் வந்தார். “அம்மா, எல்லாரும் கண்ண மூடிக்கினு எடுத்துப் போட்டுக்கினு போறாங்க. நீங்க ஒருத்தர்தான் ஸ்டிக்கர் பாத்து வாங்குறீங்க. இப்படி நில்லுங்க, அத விரலால காட்டுங்க, கொஞ்சம் சிரிங்க” என்று படம் எடுத்தார். ஒரே வாரத்தில் ஆள் உயரப் படம் வாசலுக்கு வந்துவிட்டது. கீழே, ‘நான் படித்துத்தான் வாங்குகிறேன். நீங்கள்?’ என்ற வாசகம். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பெருமையாக இருந்தது. பம்மலில் இருக்கும் என் தங்கை புஷ்பத்துக்குக்கூட அனுப்பினேன்.

5. பன்னிரண்டு நாள் தினமும் மாலையில் ஒரு பாக்கெட். பதின்மூன்றாம் நாள் காலை குழந்தைக்கு இமை திறக்கவில்லை. முகம் ஊதி, கால் ஊதி, செருப்பு வார் பதிந்த இடம் குழியாகவே நின்றது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். நோய் திரும்பியதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் வீக்கம் இவ்வளவு ஏறியதற்கு உப்பும் ஒரு காரணம் என்றார் டாக்டர். அந்த ‘ஒரு காரணம்’ எத்தனை பங்கு என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் வாசலுக்குப் போகிறேன். இந்த மனுவை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்துவிட்டேன்.

6. பள்ளிப் பையிலிருந்து காலி பாக்கெட்டை எடுத்த சுபத்ரா சத்தம் போடவில்லை. “அத்தே, இதப் படிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். படித்துத்தானம்மா வாங்கினேன் என்றேன். கடுகு எழுத்தில் இருந்த சொல்லை அவள் வாசித்துக் காட்டினாள். உப்பு. என் மகன் குமரேசன், “இனிமே கடைக்கு நீ போவாதம்மா” என்றான். அதன் பிறகு என்னிடம் பை தருவதில்லை.

7. பை இல்லாமலே போனேன். நான் ஒருத்திதான் முட்டாளா என்று தெரிந்துகொள்ள மூன்று மாலை அந்த அலமாரிப் பக்கம் நின்றேன். ஐ.டி. கம்பெனிப் பெண் ஹெப்சி, எங்கள் தெரு மாடியில் குடியிருப்பவள், ஸ்டிக்கரைக் கண்டதும் எடுத்ததைத் திருப்பி வைத்தாள். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். ஒருவர் இரண்டு எடுத்து, யோசித்து, ஒன்றை வைத்துவிட்டுப் போனார். ஆகவே ஸ்டிக்கர் வேலை செய்கிறது ஐயா; அதை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் பூக்காரி தனம் என் கண் எதிரே ‘அதிகம்’ போட்டதாகத் தேடி மூன்று எடுத்தாள். ஏன் என்றேன். “இன்னாம்மா இப்டி கேக்குறே? வாசல்ல நீயே விரல் நீட்டிக்கினு சிரிக்கிற. அதே வெல, சரக்கு அதிகம். நீ மட்டும் வாங்கணும், நாங்க வாங்கக் கூடாதா?” என்றாள். பிறகு விஷயத்தைச் சொல்லி இரண்டைத் திருப்பி வைக்கச் செய்தேன். மூன்றாவதை அவள் பிள்ளை அதற்குள் பிரித்துவிட்டான்.

8. மேலாளரிடம் முறையிட்டேன். “இங்கிலீஷ்ல ‘ஹை சால்ட்’னு கரெக்டா கீதும்மா. தமிழ்ல அத அப்படியே போட்டோம். நீங்க போட்டோல சூப்பரா கீறீங்க, ஏன் பேஜார் பண்றீங்க?” என்று சிரித்தார். வருகிற விஜயதசமி அன்று கோவிலம்பாக்கத்தில் புதுக் கிளை திறக்கிறார்களாம். அங்கே இதே படம் இரண்டு மடங்கு பெரிதாக வரப்போகிறதாம். இன்னும் பத்தே நாள். தமிழினியோ தன் வகுப்புப் பிள்ளைகளிடம், “அது எங்க ஆயா” என்று காட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் எதை வாங்குகிறார்கள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

9. எங்கள் வீட்டில் குழம்பு கரித்தால் ‘உப்பு ஜாஸ்தி’ என்று தட்டைத் தள்ளுவார்கள். ‘உப்பு அதிகம்’ என்று சொல்லி யாரும் தட்டைத் தள்ளி நான் பார்த்ததில்லை. ஆகவே ஸ்டிக்கரில் ‘உப்பு ஜாஸ்தி, உடம்புக்கு ஆகாது’ என்று, உப்பு என்ற சொல்லையும் அதே கட்டை விரல் பருமனில் போட உத்தரவிட வேண்டுகிறேன். எழுத்துத் தமிழுக்கு அது அழகில்லை என்று யாராவது சொன்னால், வேறு நல்ல சொல் போடட்டும். கண்ணாடி இல்லாமல் வாசித்தாலும் கை பின்வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

10. திறப்பு விழாவுக்கு முன் தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு, என் படத்தை வாசலிலிருந்து இறக்கச் செய்ய வேண்டும். இறக்கினால் மட்டும் போதாது. பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், தனம் மாதிரி எத்தனை பேரோ. அதே இடத்தில், அதே ஆள் உயரத்தில், அந்தப் பாக்கெட்டை நான் அலமாரியில் திருப்பி வைப்பதாகப் புதிதாக ஒரு படம் எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்து நிற்கிறேன். சிரிக்க மட்டும் சொல்ல வேண்டாம்.

தங்கள் வருகையை எதிர்பார்த்து,

(ஒப்பம்) ஜெ. தையல்நாயகி

இடம்: மேடவாக்கம்
நாள்: 22.09.2025

இணைப்பு: காலி பாக்கெட் ஒன்று, ஸ்டிக்கருடன்.