அம்மா நடந்து போகும் காட்சி

மார்ச் 2

அன்பு மகளுக்கு,

ஃபோன் செய்தால் "வேலையா இருக்கேன்ப்பா, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்" என்கிறாய். உன் ஐந்து நிமிடம் நாலு நாள் ஓடுகிறது. அதனால்தான் கடிதம்.

படம் வெள்ளிக்கிழமை வருகிறதாமே! போஸ்டரில் தயாரிப்பாளர் என்று உன் பெயரைப் பார்த்துவிட்டு மாடி வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல வேலையை விட்டுவிட்டாளே என்று உன்னை நான் திட்டியபோது கூடவே தலையாட்டியவர் அவர்தான். போகட்டும்.

தெருவில் பாதிப்பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கதை எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. நம் வீட்டு வாசலில் எடுத்தீர்களே, உன் அம்மா பையோடு நடந்து வருவாளே, அது வந்தால் போதும். அவள் நின்ற போட்டோக்கள்தான் நம்மிடம் இருக்கின்றன. அவள் போனபிறகு அவள் நடை எனக்கு மறந்துகொண்டே வருகிறது, கண்ணு. பயமாக இருக்கிறது.

அப்பா

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். தியேட்டர் ஏசி உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். உட்கார்ந்து பேசலாம். தெருவில் யாரிடமும் சொல்ல வேண்டாம், ப்ளீஸ்.

உங்கள் மகள்

மார்ச் 9

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமைதான் வந்தது. நாங்கள் முதல் நாளே பார்த்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை நீ வரவும் இல்லை.

தியேட்டரில் நாங்கள்தான் கூட்டம். நம் வாசல் வந்தது, கேட் வந்தது, என் பழைய சைக்கிள்கூட வந்தது. அவள் வரவில்லை. மாடி வீட்டுக்காரர், "வருவாங்க சார், வருவாங்க" என்று கடைசி எழுத்து ஓடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார், பாவம்.

வெட்டிவிட்டீர்கள், அவ்வளவுதானே? உங்களுக்கு வேண்டாமென்றால் அந்தத் துண்டை எனக்குக் கொடுத்துவிடு.

அப்பா

மார்ச் 13

அப்பா,

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பிவிட்டேன்.

படத்தை வாங்க வந்தவர் நீளம் அதிகம் என்றார். இதை வெட்டலாம் என்று எடிட்டர் அந்தக் காட்சியைக் காட்டினார். "இருக்கட்டும்" என்று நான் சொல்லியிருந்தால் இருந்திருக்கும். சொந்தப் பாசத்தில் படத்தைக் கெடுக்கிறாள் என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தத் துண்டும் இல்லை அப்பா. படம் முடிந்ததும் ஹார்டு டிஸ்க்குகளை அழித்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வோம். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளில் அதுதான் வழக்கம். அழிக்கச் சொன்னது நான்தான். அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதில் அவள் இருக்கிறாள் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

சவுண்டு எடுத்தவர் மட்டும் ஒலியைத் தனியாக வைத்திருந்தார். பென் டிரைவில் அனுப்புகிறேன். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 20

மகளுக்கு,

மாடி வீட்டுக்காரர் அவர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

செருப்புச் சத்தம் வருகிறது. முட்டி வலியில் ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிறாள். கேட் கிறீச்சிடுகிறது. யாரோ கட் சொல்கிறார்கள். அப்புறம் அவள் குரல்: "ஏன்டி, நான் சரியா நடந்தேனா?"

நீ பக்கத்தில்தான் நிற்கிறாய். "அடுத்த ஷாட், அடுத்த ஷாட், வெளிச்சம் போகுது" என்கிறாய். அவள் இன்னொரு தரம் கேட்கிறாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வேலை நேரத்தில் யாருக்கும் அப்படித்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு ஆறவில்லை. அடுத்த படத்துக்கும் வீடு கேட்டிருந்தாயே, வேறு இடம் பார்த்துக்கொள். கொஞ்ச நாளைக்கு நீயும் வர வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன். நன்றாகத்தான் நடந்தாள்.

அப்பா