இடது கண்ணில் ஒரு பொட்டு

19 பிப்ரவரி 1980, செவ்வாய்

கரும்பலகையில் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுப்பகுதி இல்லை. இடது கண்ணுக்கு மட்டும்தான். வலது கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்த நீலாயதாட்சியைப் பார்த்தேன். காதும் பின்னலும் தெரிந்தன. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. தலையை ஒருபக்கம் திருப்பினால் மூக்கு ஓரத்தில் வருகிறது. நேராகப் பார்த்தால் போய்விடுகிறது.

சனிக்கிழமை கிரகணத்திலிருந்து இப்படி.

20 பிப்ரவரி

இன்றும் இருக்கிறது.

22 பிப்ரவரி, வெள்ளி

எல்லோரும் தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் அப்பா என்ன ஆவார்?

கிரகணத்தன்று கோவில்பத்தில் எங்கள் தெரு முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது. அப்பா மட்டும், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனுக்காக எப்போதோ எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே படத்தைத் தேடி எடுத்தார். "வெறும் நிழல்மா. இதுக்குப் போய் ஒளியறாங்க." கொல்லையில் நின்று முதலில் அவரே வெகுநேரம் பார்த்தார். "கூசலை. இப்ப நீ பாரு."

அப்பாவின் விலா எலும்புகளுக்கு நடுவே சூரியன் பிறையாக நின்றது. அவ்வளவு அழகு! படத்தை இடது கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று அம்மா கத்தும்வரை பார்த்தேன்.

குருடாகிவிடுவேனோ?

25 பிப்ரவரி, திங்கள்

நீலாவிடம் மட்டும் சொன்னேன். "அன்னிக்கு சன்னல்கிட்ட வந்து என்னைப் பயந்தாங்கொள்ளின்னு கத்துனியே, இப்ப யாருடி பயந்தாங்கொள்ளி?" என்று சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் டாக்டர்கள் விழியை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவார்களாம். அவள் சித்தப்பா சொன்னாராம்.

ஐயோ, நான் போகவே மாட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது அப்பாவின் வாயில் கல் கடிபட்டது. அரிசி பார்த்தது நான். "கண்ணை எங்கடி வச்சிருந்தே எலேன்?" என்றாள் அம்மா. அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். எக்ஸ்ரே படத்தை அடுப்பில் போட்டார். வீடெல்லாம் நாற்றம். பிறகு சட்டைப் பொத்தான் தைக்க உட்கார்ந்தார். மனசு சரியில்லை என்றால் அதுதான் செய்வார், பட்டாளத்துப் பழக்கம். அம்மாவைக்கூட அந்த ஊசியைத் தொடவிட மாட்டார். இன்று நூல் கோக்காமலேயே எழுந்துவிட்டார்.

என்னால்தான்.

4 மார்ச், செவ்வாய்

எழுதுவது எனக்கே தெரியவில்லை. கோடு தாண்டிப் போகிறது. மருந்தால்தான். கண்ணை வெளியே எடுக்கவில்லை.

6 மார்ச், வியாழன்

எழுத்து தெளிந்துவிட்டது. இப்போது எழுதலாம்.

செவ்வாயன்று அப்பா கண் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார். முதலில் பலகையில் எழுத்து படிக்கச் சொன்னார்கள். பிறகு நர்ஸ் மங்கையர்க்கரசி அக்கா சொட்டு மருந்து விட்டார். "எரியும், கொஞ்ச நேரந்தான். தொண்டையில கசந்தாலும் பயப்படாதே." இரண்டும் நடந்தன. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் திறந்தால் உள்ளங்கை ரேகை எதுவும் இல்லை. "அப்பா, கை தெரியலை!" "மருந்தும்மா, மருந்து." அப்பா என் கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டார்.

இருட்டு அறையில் டாக்டர் சிதம்பரநாதன் சின்ன விளக்கோடு கிட்ட வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வெளிச்சம் வேணாங்க."

"இது சூரியன் மாதிரி சுடாது. கண்ணுப் பாப்பாதான் வாசல்னு வச்சுக்க. மருந்து அதைப் பெருசாத் திறந்திருக்கு. நான் வெளியில நின்னு உள்ள எட்டிப் பாக்கப் போறேன், அவ்வளவுதான்."

அவர் மூச்சுச் சத்தம் கேட்கும் அளவுக்கு நெருங்கினார். மேலே பார். கீழே பார். என் காதைப் பார். வலிக்கவே இல்லை, கூசியது. ஒரு நொடி இருட்டுக்குள் ஒரு மரம் கிளைகிளையாகத் தெரிந்தது. "அது உன் கண்ணோட ரத்தக்குழாய்தான்" என்றார். எனக்குள் ஒரு மரம்!

விழித்திரையின் நடுவில் ஊசிமுனை அளவு வெயில் சுட்டிருக்கிறதாம். மருந்து கிடையாது, காத்திருக்க வேண்டும். "பெரும்பாலும் தெளிஞ்சிடும். முழுசான்னு இப்ப சொல்ல மாட்டேன்." பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்களும் பாத்தீங்கள்ல? உக்காருங்க, உங்களுக்கும் மருந்து விடச் சொல்றேன்" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பட்டாளத்துக் கண்ணு" என்று அப்பா எழுந்துவிட்டார்.

6 ஏப்ரல்

ஈஸ்டர். பொட்டு சிறுத்திருக்கிறது. நீலாவுக்கு மூக்கு வந்துகொண்டிருக்கிறது. சொன்னேன். அடித்தாள்.

12 ஜூன்

மறுபடி மருந்து, மறுபடி இருட்டு அறை. இந்தத் தடவை நானே கண்ணை அகலத் திறந்தேன். மரத்துக்காக. வடு லேசாகிவிட்டதாம். அப்பா உள்ளே வரவில்லை.

14 ஜூலை, திங்கள்

இன்று பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினம், பழைய பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் மெடல் குத்திக்கொண்டு கூடுகிற நாள். அப்பாவின் கோட்டில் ஒரு மெடல் நாடா பிய்ந்திருந்தது. ஊசியையும் நூலையும் எடுத்து வந்தவர், என்னிடம் நீட்டினார்.

"நீ கோத்துக் குடும்மா."

வலது கண்ணை மூடிக்கொண்டு கோத்தேன். ஒரே தடவையில் போய்விட்டது. "இடது கண்ணாலயா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் என்னை நேராகப் பார்க்கவில்லை. முகத்தை ஒருபக்கம் திருப்பிப் பார்த்தார். நீலாவின் மூக்கைத் தேடும்போது நான் திருப்புவேனே, அப்படி.

"அப்பா, டாக்டர்கிட்ட போகலாமா?"

"உனக்குத்தான் சரியாப் போச்சே."

"உங்களுக்கு."

நாடாவை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அந்த மருந்து ரொம்ப எரியுமா?"

"கொஞ்ச நேரந்தாம்ப்பா. தொண்டையில கசக்கும். பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருப்பேன்."