பட்டியலின் முதல் வரி

என் பால்ஸியாவுக்கு உன் கிழவன் பெய்னெவ் ஊரிலிருந்து எழுதுவது. நானும் ஒட்டகமும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி? மகளும் பேரக்குழந்தையும் நலமா?

கவலைப்படாதே, நம் வீட்டுச் சாமான்களோடு லாரி எல்லையைத் தாண்டிப் புது நாட்டுக்கு வந்துவிட்டது. சுங்கச்சாவடியில் ஒரு தாளைத் தந்து, வீட்டில் இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். யாரையும் கேட்காமல் நானே எழுதினேன்! அதிகாரிப் பெண் லாரியில் ஏறிச் சரிபார்த்தாள்.

“கம்பளம் இருக்கு, டீக்கு வெந்நீர் போடற சமோவர் இருக்கு. முதல் வரியில பால்ஸியான்னு இருக்கே, அது எங்க? பசுவா?”

“என் வீட்டுக்காரிம்மா. மக பிரசவத்துக்காக அங்கேயே இருக்கா.”

வரிசையே சிரித்தது.

“ஆளைச் சாமான்ல சேர்ப்பாங்களா தாத்தா? அடிச்சிடுங்க.”

“வீட்டுல இருக்கறதைத்தானே கேட்டீங்க? அவ பேரை நான் அடிக்க மாட்டேன்.”

அவள் பேனாவைத் திறந்தாள். பிறகு உன் பெயருக்குப் பக்கத்தில் ‘பின்னால் வரும்’ என்று எழுதி முத்திரை குத்தினாள்.

தேயிலையை எந்த மூட்டையில் கட்டினாய்? எட்டு மூட்டை அவிழ்த்துவிட்டேன். அண்டை வீட்டில் வாங்கிய தேயிலையில் டீ போட்டு, குடிக்கத் தினமும் இரண்டு கிண்ணம் எடுத்து, ஒன்றைத் திருப்பி வைக்கிறேன்.

குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்தும் மகள் உன்னை இருக்கச் சொல்கிறாளாம். அவளிடம் சொல், நீ வராவிட்டால் அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் கொடுத்தவன் ஆகிவிடுவேன். தபால் வண்டிக்காரர் கத்துகிறார். வந்துவிடு.