முருங்கன் காணிக் காடு

மகளின் அப்பாவுக்கு,

நீங்கள் இங்கிலாந்தில் இருந்து அனுப்பிய வீடியோவை மகளோடு பார்த்தேன். அந்தக் காடு ஆயிரம் வருடம் பழையது என்று சொல்லிக்கொண்டே நடக்கிறீர்கள். கப்பல் கட்ட ஓக் மரம் தறித்த கதையும், மரங்களுக்குக் கீழே விரிந்து கிடந்த நீலப்பூக்களும் அழகுதான்.

"வீடியோ எடுக்கிற அன்ரி ஏனம்மா இப்பிடிச் சிரிக்கிறா?" என்று மகள் கேட்டாள். நான் போனை வாங்கி வைத்துவிட்டேன்.

போரில் நாங்கள் முருங்கன் ஊரில் விட்டோடிய காணியும் இன்று காடுதான். உடைமரமும் விடத்தலும் முள்ளுக்காடாய் வளர்ந்து கிணற்றையே மூடிவிட்டன. அது அரச காடு என்று வன இலாகா எல்லைக்கல் நட்டதையும், நான் மனுவோடு கந்தோர் கந்தோராக அலைந்ததையும் உங்களுக்கு எழுதியிருந்தேன். பதில் வரவில்லை.

போன கிழமை இலாகா அதிகாரி நேரில் வந்தார். நான் பற்றையை வெட்டி, நாங்கள் குடியிருந்ததற்குச் சாட்சியாகக் கிணற்றுக்கட்டைக் காட்டினேன். கை முழுக்க முள்.

"சரியம்மா, காணியை விடுவிக்கலாம். உங்கட அவர் எப்ப வாறார்?" என்று கேட்டார்.

"அவர் வரமாட்டார். என்ர பேரில எழுதுங்கோ."

இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அதிகாரி எழுதிக்கொண்டார்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா