இரண்டாம் எண் உறுப்பினரின் காலிக் கட்டங்கள்

அனுப்புநர்:
தராசு பழுது பார்ப்பவர்,
கீழ்த்தளம், சந்தைக்குப் பின்தெரு.
(வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் உறுப்பினர் எண் 1)

பெறுநர்:
உணவு வழங்கல் அலுவலர் அவர்கள்,
நகர உணவு வழங்கல் அலுவலகம்.

பொருள்: எங்கள் உணவுச் சலுகை அட்டையை மீண்டும் வழங்கவும், என் மனைவிக்கு அனுப்பிய விசாரணை அறிவிப்பைத் திரும்பப் பெறவும், அவருக்கு வேறோர் ஆணை பிறப்பிக்கவும் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, சென்ற மாதம் 28ஆம் தேதியிட்டது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்த நகரத்துக் கடைகளில் உள்ள தராசுகளைப் பழுது பார்த்துப் பிழைப்பவன். இருபத்தாறு வருடத் தொழில். என் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் பட்டன் தைக்கிறார். எங்களுக்குப் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பள்ளிக் கைப்பந்து அணியில் ஆடுகிறாள். ஆடிவிட்டு வந்தால் பாத்திரத்தின் அடி தெரியும்வரை சாப்பிடும் வயது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிரும்.

2. விலைவாசி தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதை நான் பார்க்கும் இடம் வேறு. தராசில் விலை காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. மூன்று இலக்கம் காட்டினால் போதும் என்று வாங்கி வைத்த கடைக்காரர்கள் எல்லாம், "நாலு இலக்கம் காட்டற மாதிரி மாத்திக் குடுங்க" என்று இந்த ஒரு வருடத்தில் என்னைக் கூப்பிடுகிறார்கள். இதனால் எனக்கு வேலை கூடியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூலி அதே கடையில் பருப்பாகவும் எண்ணெயாகவும் திரும்பிப் போய்விடுகிறது. பழைய விலைக்கே விற்கும் பொட்டலங்களும் உள்ளே இளைத்துவிட்டன. கையில் எடுத்தாலே எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கோபம் வந்துவிடும், ஆகவே அதற்குத் தனி மனு போடுகிறேன்.

3. நான்கு மாதங்களுக்கு முன் தங்கள் துறையிலிருந்து கணக்கெடுப்பாளர் பெண் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையான பெண். முப்பது நாளும் வீட்டுக்கு வாங்கும் உணவுப் பொருட்களை எழுதும்படி ஒரு நோட்டுப் புத்தகம் தந்தார். முன்பக்கங்களில் பொருள், அளவு, விலை. கடைசிப் பக்கங்களில் யார் யார் எந்த வேளை சாப்பிட்டார்கள் என்று டிக் அடிக்கச் சிறு கட்டங்கள். நான் உறுப்பினர் எண் ஒன்று, என் மனைவி எண் இரண்டு, மகள் எண் மூன்று. எழுதும் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் கையெழுத்து நன்றாக இருப்பது அவருக்குத்தான்.

4. முதல் நாள் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். அரிசி, பருப்பு, தக்காளி இரண்டு. கிலோ அல்ல ஐயா, எண்ணிக்கை. அன்று மாலை மாடி வீட்டு அக்கா வந்திருக்கிறார். அவருக்கும் அதே மாதிரி ஒரு நோட்டு தந்திருந்தார்கள். இவர் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா? மீதி நாளைக்கு எழுதுவியா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் என் மனைவிக்கு அன்று முகம் செத்துவிட்டது. "ஆமாக்கா, மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டார்.

5. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. மறுநாள் வேலை முடிந்து சந்தைக்குப் போய், மீன் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு கிலோ மீன் என்று எழுதினார். மீன் வாங்கவில்லை. அதற்கு மறுநாள் ஆப்பிள். இப்படியே மாதம் முழுவதும். பொய் எழுதினாலும் விலையைப் பொய்யாக எழுத அவருக்கு மனம் வரவில்லை. தினமும் கடை கடையாக ஏறி இறங்கி, விலை கேட்டு, அன்றைய விலையைத்தான் எழுதியிருக்கிறார். எங்கள் வட்டாரத்திலேயே விலைகள் மிகச் சரியாக இருந்த நோட்டு எங்களுடையதுதான் என்று தங்கள் பிரிவு எழுத்தரே என்னிடம் சொன்னார். அந்த நோட்டில் விலைகள் அத்தனையும் உண்மை ஐயா. பொருட்கள்தான் வீட்டுக்கு வரவில்லை.

6. அதன் பலனாக எங்கள் உணவுச் செலவு சலுகை வரம்பைத் தாண்டிவிட்டதாகக் கணக்கிட்டு, சென்ற மாதம் அட்டையை நிறுத்திவிட்டீர்கள். வருமானத்துக்கும் செலவுக்கும் பொருத்தம் இல்லாததால், தவறான தகவல் தந்தது பற்றி விளக்கம் அளிக்க இந்த மாதம் 18ஆம் தேதி நேரில் வரும்படி என் மனைவிக்கு அறிவிப்பும் வந்தது. அதைப் படித்துவிட்டு அவர் என் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அழுதார். "உங்க மானத்தை வாங்கிட்டேன்" என்றார். என் மானம் இரண்டு தக்காளியில் இல்லை என்று சொன்னேன். அப்போது சிரித்தார். பிறகு மறுபடியும் அழுதார்.

7. வாங்காத பொருட்கள் எவை என்று குறித்துக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்று தங்கள் பிரிவு எழுத்தர் சொன்னதால், இன்று நான் மட்டும் அலுவலகம் வந்தேன். நோட்டையும் ஒரு பென்சிலையும் கொடுத்து வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். மொத்தம் நாற்பத்தொரு வரிகள். ஒவ்வொன்றாகக் குறித்தேன். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய நாளில் மெத்தென்ற பால் ரொட்டியும் வெண்ணெயும் எழுதியிருக்கிறார். உண்மையில் அன்று நான் கஞ்சி குடித்தேன். மகளுக்குப் பந்தயம் இருந்த மூன்று நாட்களிலும் முட்டை ஒரு டஜன், வாழைப்பழம், முந்திரி. என் பிறந்தநாளில் கறுப்புத் திராட்சை. எனக்குக் கறுப்புத் திராட்சை பிடிக்கும் என்பது எனக்கே மறந்து போயிருந்தது.

8. தனக்கென்று அவர் எழுதியது ஒன்றே ஒன்று. பேரீச்சம்பழம் கால் கிலோ. எங்கள் வீட்டில் அது பிடிப்பது அவருக்கு மட்டும்தான். அதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் "விலை அதிகம்" என்று குறித்திருக்கிறார். காசு கொடுக்காமல் தாளில் மட்டும் வாங்கும் பொருளுக்கே இவ்வளவு யோசித்தவரைத்தான், ஐயா, வரம்பு மீறிச் செலவு செய்தவர் என்று அறிவிப்பு சொல்கிறது. அந்த வரியைக் குறிப்பதா வேண்டாமா என்று எழுத்தரைக் கேட்டேன். அடித்த வரி கணக்கில் வராது என்றார்.

9. இத்தோடு எழுந்து வந்திருந்தால் இந்த மனு ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். எண்ணிக்கை சரிதானா என்று பார்க்கக் கடைசிவரை புரட்டினேன். டிக் அடிக்கும் பக்கங்கள் வந்தன. என் வரிசையில் முப்பது நாளும் மூன்று வேளையும் டிக். மகள் வரிசையிலும் அப்படியே. என் மனைவியின் வரிசையில், இரவு என்ற கட்டத்தில், முப்பது நாளில் பத்தொன்பது நாள் ஒன்றும் இல்லை. முதலில் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதே நாட்களில் எங்கள் இருவருக்கும் மறக்காமல் அடித்திருக்கிறார். சாப்பிட்டால் அடியுங்கள், சாப்பிடாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று கணக்கெடுப்பாளர் பெண் சொல்லியிருந்தார். இவர் அப்படியே செய்திருக்கிறார். மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்க்காத பக்கம் அது. அங்கே பொய் எழுத வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

10. எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று தாங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நான் வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும். எனக்கும் மகளுக்கும் பரிமாறிவிட்டு, "நீ சாப்பிடலையா?" என்று கேட்டால், "சமைக்கும்போதே சாப்பிட்டாச்சு" என்பார். இல்லாவிட்டால், "கடையில ஒருத்திக்குப் பிறந்தநாள், கேக் வெட்டினாங்க, வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்பார். பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு மாதத்தில் எனக்கு நினைவுள்ளவரை ஒன்பது பிறந்தநாள் வந்திருக்கிறது. அந்தக் கடையில் வேலை செய்வதே ஆறு பேர்தான்.

11. ஒரு கிலோ சர்க்கரையில் பத்து கிராம் குறைந்தால் தராசு இல்லாமலே என் கை சொல்லிவிடும். கடைக்காரர்கள் இதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். எதிரில் உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டவர் இளைத்துக்கொண்டே போனது இந்தக் கைக்குத் தெரியவில்லை. ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பழைய துணி தொளதொளத்துப் போச்சு என்றார். துணியின் மேல் பழியைப் போட்டதை நானும் நம்பினேன். இதற்காக என்மேல் எந்த விசாரணை வைத்தாலும் நான் வருகிறேன்.

12. ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, நான் பென்சிலால் குறித்த நாற்பத்தொரு வரிகளையும் நீக்கிவிட்டு எங்கள் செலவை மறுபடி கணக்கிட்டு, அட்டையைத் திரும்பத் தர வேண்டும். எங்கள் குடும்பம் வரம்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது அப்போது தெரியும். அட்டை நின்ற மாதத்தில் அரிசி வெளிக்கடையில் வாங்கினோம். அந்த மாதத்தின் கட்டங்கள் எந்த நோட்டிலும் இல்லை. அவற்றை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

13. இரண்டாவது, 18ஆம் தேதி விசாரணையை விட்டுவிட வேண்டும். நாலு பேர் முன்னால் அந்த நாற்பத்தொரு வரிகளை யாராவது உரக்கப் படித்தால் அவர் தாங்க மாட்டார். அபராதம் உண்டென்றால் நான் கட்டுகிறேன். தங்கள் அலுவலகத் தராசு ஒன்று ஓரமாகச் சாய்ந்து நிற்பதை வரும்போது பார்த்தேன். அதைக் கூலி வாங்காமல் சரி செய்து தருகிறேன். இதை லஞ்சமாக நினைக்க வேண்டாம். அந்தத் தராசைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

14. மூன்றாவது கோரிக்கை தங்கள் விதிப் புத்தகத்தில் இருக்குமா என்று தெரியவில்லை. கட்டங்களைப் பார்த்ததை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "அது சும்மா, பசிக்கலை, விட்டுட்டேன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். நாளையிலிருந்து இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைப்பார். என் பேச்சு அவரிடம் எடுபடாது. ஆனால் முத்திரை வைத்த தாளுக்கு அவர் கட்டுப்படுவார். ஏழு வருடங்களுக்கு முன், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும் என்று தெருவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பத்து நாளில் குழாய் சரியாகிவிட்டது. இன்றுவரை கொதிக்க வைக்கிறார். "வேண்டாம்னு இன்னும் யாரும் எழுதிக் குடுக்கலையே" என்கிறார்.

15. ஆகையால், கீழே உள்ளதைப் போன்ற ஓர் ஆணையைத் தங்கள் கையொப்பத்துடன் அவருக்கு அனுப்பி உதவ வேண்டும். சொற்களைத் தாங்கள் மாற்றிக்கொள்ளலாம். கடுமையாக இருந்தால் நல்லது.

"உறுப்பினர் எண் இரண்டு தினமும் இரவு உணவை மற்ற இரு உறுப்பினர்களுடன் சேர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும். சமைக்கும்போது ருசி பார்ப்பது உணவாகக் கருதப்பட மாட்டாது. பணியிடத்தில் பிறந்தநாள் என்ற காரணம் ஏற்கப்பட மாட்டாது. இவ்வாணை மறு உத்தரவு வரும்வரை நடைமுறையில் இருக்கும்."

16. மறு உத்தரவு எதுவும் தயவுசெய்து பிறப்பிக்க வேண்டாம்.

17. அட்டையையும் ஆணையையும் ஒரே உறையில் வைத்து அனுப்புமாறு வேண்டுகிறேன். ஆணை மட்டும் வந்தால், தான் சாப்பிடுவது மகளின் பங்கிலிருந்து போகிறதே என்று ஒவ்வொரு வாயும் அவருக்குத் தொண்டையில் நிற்கும். அட்டை மட்டும் வந்தால், அந்த அரிசியும் எங்கள் இருவர் தட்டுக்கே வந்து சேரும். உறையின் மேல் என் பெயரை எழுத வேண்டாம். அவருடைய பெயரையே எழுதுங்கள். கல்யாணமாகி வந்த பதினெட்டு வருடத்தில் அவர் பெயருக்கு இந்த வீட்டுக்கு வந்த ஒரே கடிதம் தங்கள் விசாரணை அறிவிப்புதான். இரண்டாவது கடிதம், அவரைச் சாப்பிடச் சொல்லி வரட்டும்.

நாள்: 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வராந்தா

தங்கள் முத்திரையை நம்பிக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
உறுப்பினர் எண் 1

இணைப்பு: நாற்பத்தொரு வரிகள் பென்சிலால் குறிக்கப்பட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. கடைசிப் பக்கங்களில் நான் எதையும் தொடவில்லை.